விலை காத்த இருட்டு

இருட்டை இத்தனை காலம் யார் காத்து வந்தார்கள் என்ற கேள்வி சில நாட்களாக மனதைவிட்டு அகல மறுக்கிறது. சட்டம் காத்ததாகத் தெரியவில்லை. இருளில் இருக்கும் ஒருவரை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகமும் தனியாக எழுதிவைத்ததில்லை. அறம் காத்தது என்றும் சொல்ல முடியாது. பார்க்க முடிந்தபோதெல்லாம் மனிதர்கள் பார்த்தே இருக்கிறார்கள். கண்ணின் போதாமை ஒரு காரணம். ஆனால் அந்தப் போதாமையைத் தாண்டும் கருவி வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் பெரும்பாலானவர்களின் இரவு இரவாகவே நீடித்தது. அப்படியானால் காத்தது விலைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மனித உடல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதில் கணிசமான பகுதி, 10 மைக்ரான் அலைநீளத்தைச் சுற்றியுள்ள அகச்சிவப்புக் கதிராகப் போகிறது. விளக்கை அணைக்கலாம், குரலை அடக்கலாம், மூச்சைக்கூடக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கலாம். இந்தக் கதிரை மட்டும் உயிரோடிருக்கும் எவராலும் நிறுத்த முடியாது. சிவப்புக்கு அப்பாலும் கதிர் உண்டு என்று 1800இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானிகளை வைத்துக் கண்டறிந்ததிலிருந்தே, இருளில் உடல்கள் ஒளிர்வதைப் பார்ப்பது கோட்பாட்டளவில் சாத்தியமாகிவிட்டது. கோட்பாட்டுக்கும் கடைவீதிக்கும் இடையில் நின்றது பணம்.

அந்தப் பணம் எதற்குத் தேவைப்பட்டது என்று தேடிப்போனால் குளிரில் போய் நிற்கிறோம். 10 மைக்ரான் கதிரின் ஒரு ஃபோட்டான் சுமக்கும் ஆற்றல் மிகச் சொற்பம், சுமார் 0.12 எலெக்ட்ரான் வோல்ட். அவ்வளவு சிறிய தட்டலுக்கே எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் பொருள், அறையின் சாதாரண வெப்பத்துக்கும் விட்டுக்கொடுத்துவிடும். தானே எழுப்பும் இரைச்சலில் வெளியிலிருந்து வரும் செய்தி மூழ்கிப்போகும். 1959இல் பிரிட்டனின் மால்வெர்ன் ஆய்வகத்தில் இருந்தவர்கள், பாதரசம், காட்மியம், டெல்லூரியம் மூன்றையும் கலந்து இந்த அலைநீளத்துக்கேற்ற குறைகடத்தியைச் செய்து காட்டினார்கள். அதைத் திரவ நைட்ரஜனின் வெப்பநிலைக்கு, அதாவது -196 டிகிரி செல்சியஸுக்கு இறக்கினால் அற்புதமாக வேலை செய்யும். இறக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆகவே கேமராவோடு ஒரு நைட்ரஜன் குடுவையோ ஓயாமல் ஓடும் சிறு குளிர்விப்பு இயந்திரமோ கூடவே வர வேண்டியிருந்தது. அது மின்சாரம் தின்னும், அதிரும், தேயும், குளிர்ந்து முடியும்வரை ஆளைக் காக்கவைக்கும். பீரங்கி வண்டியும் போர் விமானமும் பெரிய ஆய்வகமும் இந்தச் செலவைத் தாங்கும். ஒரு சிறு நகரத்துக் காவல் நிலையம் தாங்காது, வேலித் தகராறில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தாங்கமாட்டார். இந்தத் தாங்க முடியாமையை யாரும் கூடிப் பேசிக் கொள்கையாக வகுக்கவில்லை. ஆனாலும் கொள்கை செய்திருக்க வேண்டிய வேலையை அதுவே செய்துவந்தது.

குளிரைத் தவிர்க்கும் வழி உண்மையில் பழையது. ஃபோட்டானை எண்ணவே வேண்டாம். அது விழுந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தால் போதும். 1880 வாக்கில் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி, மெல்லிய பிளாட்டினப் பட்டை சூடேறும்போது அதன் மின்தடை மாறுவதை வைத்துக் கதிர்வெப்பத்தை அளந்தார். போலோமீட்டர் என்ற அந்தக் கருவி கால் மைல் தொலைவில் நிற்கும் பசுவின் சூட்டையும் கண்டுகொள்ளும் என்று கதை சொல்வார்கள். ஒற்றைப் பட்டையிலிருந்து ஒரு முழுப் படத்துக்கு வர நூறாண்டு பிடித்தது. 1980களில் மின்னசோட்டாவிலுள்ள ஹனிவெல் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ வுட்டின் குழு அமெரிக்க ராணுவத்தின் பணத்தில், ரகசியமாக, லாங்லியின் பட்டையைச் சிலிக்கான் சில்லின் மீது பல்லாயிரமாகப் பெருக்கியது. செய்முறை இப்படி: சில்லின் மேல், பின்னால் கரைத்தெடுப்பதற்கென்றே ஓர் அடுக்கைப் பரப்புகிறார்கள். அதன் மேல் அரை மைக்ரான் தடிமனில் சிலிக்கான் நைட்ரைடு, அதனோடு வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் வனேடியம் ஆக்சைடு. உருவத்தை வெட்டி முடித்த பிறகு அடியிலுள்ள அடுக்கைக் கரைத்துவிட்டால், 50 மைக்ரான் சதுரத்துக்குள் ஒரு தகடு இரண்டு மெல்லிய கால்களில் அந்தரத்தில் நிற்கும். கீழே இரண்டரை மைக்ரான் வெற்றிடம். தினைப்புனத்துப் பரண் என்று சொன்னால் பொருந்தும். கால்களும் மெலிந்தவை, வேலையும் காவல்தான். 240 வரிசை, 336 பத்தி என்று எண்பதாயிரத்துக்கும் அதிகமான தகடுகள் ஒரே சில்லில் நின்றன. 1992இல் அமெரிக்க அரசு ரகசியத்தை விலக்கிக்கொண்டது; வேறு நிறுவனங்களும் உரிமம் பெற்று உற்பத்தியில் இறங்கின.

இந்தத் தகட்டின் திறமை முழுவதும் அதன் தனிமையில் இருக்கிறது. விழுந்த சொற்ப வெப்பம் கால் வழியே சில்லுக்கு ஓடிவிடக் கூடாது. அதனால் கால்கள், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்கு அளவே வெப்பத்தைக் கடத்தும்படி ஒடுக்கப்படுகின்றன. காற்று இருந்தால் அதன் வழியே வெப்பம் போய்விடும். அதனால் மொத்தச் சில்லும் வெற்றிட உறையில், ஜெர்மானியம் அல்லது சிலிக்கான் சன்னலுக்குப் பின்னால் அடைக்கப்படுகிறது. கீழேயுள்ள இரண்டரை மைக்ரான் இடைவெளியும் தற்செயலானதல்ல. அது 10 மைக்ரான் அலையின் கால் பங்கு, தகட்டைக் கடந்து தப்பிய கதிர் அடியிலுள்ள உலோகப் பூச்சில் பட்டுத் திரும்பித் தகட்டிலேயே அடங்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு. இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது மிகச் சிறிது. எதிரே உள்ள பொருள் ஒரு டிகிரி சூடானால், நல்ல லென்ஸ் இருந்தும் தகடு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான் சூடாகும். காட்சியில் 0.05 டிகிரி வேறுபாட்டைப் பிரித்தறிய வேண்டுமென்றால் தகட்டின் மின்தடையில் லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த மாற்றத்தைப் படிப்பதற்காகச் செலுத்தும் மின்துடிப்பே தகட்டைச் சில டிகிரி சூடாக்கிவிடுகிறது. தேடும் செய்தியைவிடத் தேடலின் தடம் பன்மடங்கு பெரிது. எனவே கருவி தன் பெரும் உழைப்பைத் தன்னைத்தானே கழித்துக்கொள்வதில் செலவிடுகிறது. அவ்வப்போது கேமராவுக்குள் ஒரு சிறு கதவு ‘டிக்’கென்று மூடித் திறக்கும், சீரான ஒரு பரப்பைப் பார்த்து, ஒவ்வொரு தகடும் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொள்ளும் ஓசை அது. திரையில் தெரியும் படம் இத்தனை கழித்தல்களுக்குப் பின் மிஞ்சியது. பளபளக்கும் எஃகுப் பாத்திரம் கொதிநீரோடு இருந்தாலும் குளிர்ந்ததாகக் காட்டும், ஏனெனில் பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக விடாமல் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கும். மனிதத் தோலோ எந்த நிறமானாலும் ஏறத்தாழ முழுமையாகக் கதிர்வீசும். இந்தக் கருவி மிக நன்றாக அறியும் பொருள்களில் மனித உடல் முன்னணியில் நிற்கிறது என்பது பொறியியல் உண்மை. என் சங்கடம் இந்த இடத்தில்தான் வேர்பிடிக்கிறது.

குளிர்விப்பு இயந்திரம் போனதால் மட்டும் விலை இறங்கவில்லை. சிலிக்கானை மின்சாரத்துக்கான பொருளாக மட்டும் பார்க்காமல், வளையவும் தாங்கவும் நிற்கவும் கூடிய இயந்திரப் பொருளாகப் பார்க்கலாம் என்று கர்ட் பீட்டர்சன் 1982இல் விரிவாக எழுதினார். பார்வை அப்படி மாறியதும், கணினிச் சில்லுகளை நூற்றுக்கணக்கில் ஒன்றாக வார்த்தெடுக்கும் அதே பட்டறையில் நுண்ணியந்திரங்களையும் வார்க்க முடிந்தது. கிரெனோபிளில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வகமான லெட்டி, வனேடியம் ஆக்சைடுக்குப் பதில் சில்லுப் பட்டறைகள் ஏற்கெனவே பழகிய உருவமற்ற சிலிக்கானைத் தேர்ந்தெடுத்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வேறொரு பீங்கான் பொருளோடு இணையாக வந்தது. அதன் வழித்தோன்றல்தான் 2000ஆம் ஆண்டின் காடிலாக் டிவில் காரில் இருட்டுச் சாலையைக் காட்டும் வசதியாக, சுமார் 2000 டாலர் கூடுதல் விலையில், கடைக்கு வந்தது. பிறகு தகடுகள் 50 மைக்ரானிலிருந்து 25க்கும் 17க்கும் 12க்கும் சுருங்கின. தகடு சுருங்கினால் ஒரே சிலிக்கான் வட்டில் அதிகச் சில்லு தேறும், லென்ஸும் சிறிதாகும், விலை இரு பக்கமும் விழும். 2014இல் கைபேசியில் மாட்டும் தெர்மல் கேமரா 350 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இன்று வுஹானிலும் யான்டாயிலும் உள்ள தொழிற்சாலைகள் இந்தச் சில்லுகளைக் குவிக்கின்றன. உலகில் பார்ப்பதற்கான செலவு இவ்வளவு வேகமாக விழுந்த காலம் அபூர்வம். அதே வேகத்தில் பார்க்கப்படாமல் இருப்பதற்கான ஏற்பாடு ஏதாவது எழுந்ததா என்றால், இல்லை.

இதற்கு நேர்ச்சான்றாக ஒரு வழக்கு இருக்கிறது. ஹனிவெல்லின் ரகசியம் வெளியே வந்த அதே 1992இல், ஜனவரி மாத அதிகாலையில், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்து ஃபுளோரன்ஸ் என்ற ஊரில், அரசு அதிகாரி ஒருவர் காரில் இருந்தபடி டேனி கைலோ என்பவரின் வீட்டைத் தெர்மல் கருவியால் பார்த்தார். வண்டிக்கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரிந்தன. உள்ளே விளக்கெரித்துக் கஞ்சா வளர்க்கிறார் என்று ஊகித்துச் சோதனைக்கு ஆணை பெற்றார்கள், செடிகளும் இருந்தன. 2001இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தப் பார்வையே ஒரு சோதனைதான், முன்கூட்டி ஆணை வாங்கியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் நடப்பதில் எந்த விவரமும் அந்தரங்கமே, ஒரு பெண் எத்தனை மணிக்குக் குளிக்கிறாள் என்பதையும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம் என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா கருதினார். வாசிக்கும்போது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் தீர்ப்புக்குள் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது: பொதுமக்களின் புழக்கத்தில் இல்லாத கருவியைப் பயன்படுத்தினால் அது சோதனை. அப்படியானால் புழக்கத்துக்கு வந்துவிட்டால்? எதிர்த்துத் தீர்ப்பெழுதிய ஸ்டீவன்ஸ் இந்த ஓட்டையை அன்றே சுட்டிக்காட்டினார். கருவி பெருகப் பெருக ஆபத்தும் பெருகுமே, பாதுகாப்பு மட்டும் ஏன் குறைய வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. உரிமையைக் கருவியின் அபூர்வத்தின் மேல் கட்டினால், உற்பத்திப் பொறியாளர் ஒவ்வொரு மைக்ரானைச் சுருக்கும்போதும் நீதிமன்றம் போட்ட கோடு தானாகவே பின்வாங்கும். யாரும் சட்டத்தைத் திருத்த வேண்டாம். தொழிற்சாலையில் நல்ல சில்லுகளின் விகிதம் கூடினாலே போதும்.

ஸ்டீவன்ஸின் இன்னொரு வாதமே என் கவலைக்கெதிரான வலுவான ஆட்சேபணை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுவருக்கு வெளியே வந்துவிட்ட வெப்பம் பொதுவெளியைச் சேர்ந்தது, கருவி உள்ளே ஊடுருவவில்லை, வெளியே வந்ததைப் படித்தது அவ்வளவே என்றார் அவர். இயற்பியலின்படி இது முழுக்கச் சரி. தெர்மல் கேமரா சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை, சுவரின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. ஆனால் வெளியே வந்ததெல்லாம் பொது என்ற வாதத்தை அதன் முடிவுவரை இழுத்துப் பார்த்தால், உயிரோடிருப்பதே ஓர் ஒப்புதலாகிவிடும். தெருவில் உரக்கப் பேசுகிறவர் பேசாமலும் இருந்திருக்கலாம். சன்னலைத் திறந்து வைத்தவர் சாத்தியும் வைத்திருக்கலாம். இரண்டிலும் ஒரு தேர்வு இருக்கிறது, அந்தத் தேர்வில்தான் ‘பொது’ என்ற சொல்லுக்கு நியாயம் கிடைக்கிறது. உடல் வெப்பத்தில் அந்தத் தேர்வு கிடையாது. சாதாரணக் கேமராவும் இப்படித்தானே என்று கேட்கலாம். அது நம்மேல் விழுந்து திரும்பும் ஒளியைப் பிடிக்கிறது. ஒளியைவிட்டு விலகி நிற்க ஓர் இடம் எப்போதும் இருந்தது, அந்த இடத்துக்குத்தான் இருட்டு என்று பெயர். தெர்மல் கேமரா நம்மிலிருந்தே கிளம்புவதைப் பிடிக்கிறது. விலகி நிற்க இடமில்லாத பார்வைக்கும், இடமுள்ள பார்வைக்கும் ஒரே விதியைப் போடுவது சமத்துவமாகத் தோன்றினாலும் நியாயமாகாது.

படம் மங்கல், முகம் தெரியாது, யாரென்று அடையாளம் காண முடியாது, பிறகென்ன பயம் என்பது அடுத்த ஆட்சேபணை. முகம் தெரியாதது உண்மை. ஆனால் இருட்டு மறைத்துவந்தது பெரும்பாலும் முகத்தை அல்ல, ஓர் ஆள் அங்கே இருப்பதை. எல்லையைக் கடக்கும் அகதிக்கு, பதுங்கியிருக்கும் போராளிக்கு, வீட்டைவிட்டு ஓடி ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு, இருக்கிறார் என்ற ஒரே தகவல் வெளியானால் போதும், மற்றது தானாகத் தொடரும். உக்ரைன் போரில் இரு தரப்பும் இரவில் சிறு டிரோன்களில் இந்தச் சென்சார்களைக் கட்டி அனுப்புகின்றன. அங்கே சிப்பாயின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. மங்கல் என்றால் உடலுக்குள் எட்டாதது என்றும் பொருளல்ல. 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரில் ராணுவப் பயன்பாட்டுக்கான தெர்மல் கருவியை விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். 2020இல் உலகம் முழுக்க அது கட்டடவாசல்களின் சடங்காயிற்று. பலரை ஒரே நேரத்தில் இப்படி அளப்பது துல்லியமாக இராது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பே எச்சரித்தது. இங்கே இரண்டு சிக்கல்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒருவருடைய நோய் அவர் சொல்லாமலே கேட்கப்படுகிறது. கிடைக்கும் பதிலோ வெயிலில் நடந்துவந்தவரையும் காய்ச்சல்காரரையும் கலக்கிவிடக்கூடியது. சரியாகப் பார்த்தாலும் அத்துமீறல், தவறாகப் பார்த்தாலும் ஒருவர் வாசலில் நிறுத்தப்படுவார்.

மூன்றாவது ஆட்சேபணைதான் என்னை அதிகம் தயங்கவைக்கிறது, ஏனென்றால் அதன் பக்கம் உயிர்கள் இருக்கின்றன. புகை மண்டிய அறையில் கண் எதையும் காணாதபோது, தரையில் மயங்கிக் கிடப்பவரைத் தீயணைப்பு வீரருக்குக் காட்டுவது இந்தச் சில்லு. கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையில் தண்டவாளங்களைக் கடக்கும் யானைகள் ரயிலில் அடிபட்டுச் சாகாதிருக்க, 2024 முதல் தமிழக வனத்துறை கோபுரங்களில் தெர்மல் கேமராக்களை வைத்துக் கண்காணிக்கிறது. இரவில் யானையை இத்தனை தொலைவில் கண்டறிய இதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது. குளிர்விப்பு இயந்திரத்தின் விலையில் இவை நடந்திருக்காது. ஆகவே மலிவைப் பழிப்பதில் பொருளில்லை, பழைய விலை திரும்பி வர வேண்டும் என்று விரும்புவது குரூரம். விலை ஒரு மோசமான காவலாளி. அது ராணுவத்தை உள்ளே விட்டுத் தீயணைப்பு நிலையத்தை வெளியே நிறுத்தியது. நான் சொல்வது, அந்த மோசமான காவலாளி போனபின் அவன் நின்ற இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும். யானைக்காக வைத்த கோபுரத்திலிருந்து விறகு பொறுக்கப் போகிறவரும் தெரிவார். இரண்டு வெப்பங்களையும் பிரித்து, ஒன்றுக்கு எச்சரிக்கை விடுத்து மற்றதைப் பதிவே செய்யாமல் விடுவது மென்பொருளுக்கு எளிய வேலை. அப்படிச் செய்யும்படி யாராவது கேட்க வேண்டும்.

கட்டுப்பாடுகளே இல்லை என்பதில்லை. அவை எதைக் காக்கின்றன என்று பார்ப்பது பாடமாக இருக்கும். நொடிக்கு ஒன்பது படங்களுக்கு மேல் எடுக்காத தெர்மல் கேமராக்களுக்கு ஏற்றுமதி விதிகளில் பெரிய தளர்வு உண்டு. மலிவான கேமராக்கள் சற்று விட்டுவிட்டுத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓடும் வண்டியையும் பறக்கும் ஏவுகணையையும் குறிவைக்க ஒன்பது படங்கள் போதாது என்பது அதன் தர்க்கம். தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்க நொடிக்கு ஒரு படமே அதிகம். அரசுகள் வேலி போட்டது ஆயுதத்தின் திறனுக்கு; பார்க்கப்படுகிறவர் அந்த வேலியின் எந்தப் பக்கத்திலும் கணக்கில் வரவில்லை. இயற்கை வைத்த சில ஒதுங்கிடங்கள் உண்டு. சன்னல் கண்ணாடி இந்த அலைநீளத்துக்குச் சுவரைப் போன்றது. அதன் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். அந்தியிலும் விடியலிலும் நிலமும் பொருள்களும் ஒரே வெப்பநிலையைக் கடக்கும் சிறு பொழுதில் படம் சாம்பலாய்க் குழம்பும். நடுவெயிலில் கொதிக்கும் நிலத்தில் உடலைப் பிரித்தறிவது கடினமாகும். ஓர் உரிமையை நம்பி ஒப்படைக்க இவை போதுமானவை அல்ல.

இந்திய அரசமைப்பின் கண்ணோட்டம் ஒரு வகையில் கைலோ தீர்ப்பைவிட உறுதியான தரையில் நிற்கிறது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றபோது, கருவி அபூர்வமானதா என்று கேட்கவில்லை. அரசு தலையிட வேண்டுமானால் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கேற்ற அளவு வேண்டும் என்றார்கள். உரிமை மனிதரோடு கட்டப்பட்டிருக்கிறது, கருவியின் விலையோடு அல்ல. ஆனால் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தரவைத்தான் காக்கிறது. பெயரில்லாத வெப்பத் திட்டு அதன் வரையறைக்கு வெளியே நழுவிவிட முடியும். போதாததற்கு அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அந்தச் சட்டம் இடம்வைத்திருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி கருவியைப் பற்றியதாக இருக்கக் கூடாது, தெரிந்துகொள்ளப்படுவதைப் பற்றியதாக இருக்க வேண்டும்: வீட்டுக்குள் ஆள் இருக்கிறாரா, ஓர் உடல் நலமாக இருக்கிறதா, இருளில் யார் எங்கே நிற்கிறார் என்பதை, எந்தச் சில்லால் அறிந்தாலும், கடையில் நூறு ரூபாய்க்கு விற்றாலும், முன்கூட்டி அனுமதியில்லாமல் அரசு அறியக் கூடாது. காவல் துறையோ மாநகராட்சியோ வனத்துறையோ தெர்மல் கேமரா வாங்கும்போது, அது எதைத் தேடும், எதைத் தேடாது, பதிவு எத்தனை நாள் இருக்கும், குடியிருப்புகள் பார்வையிலிருந்து மறைக்கப்படுமா என்பதைக் கொள்முதல் ஆவணத்திலேயே எழுதி மக்கள் முன் வைக்க வேண்டும். கருவி கோபுரம் ஏறிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் நாளிலேயே கேட்டாக வேண்டும்.